பட்டிக்குறி வைத்த மகஜர்

மட்டக்களப்பு,
29.03.2025, சனிக்கிழமை.

அன்பு மிக்க என் சுலக்ஷனாவுக்கு,

உன் அன்ரோ எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கினால் அதுவே இந்தக் கடிதத்தின் முதல் பொய்யாகிவிடும். உடம்புக்கு ஒன்றும் இல்லை, அது மட்டும் உண்மை. நீ அங்கே வெயிலில் அலையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் மன்றாடுகிறேன்.

நேற்றும் போனில் கதைத்த மனுசன் இன்றைக்கு எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் சொல்ல வாய் வரவில்லை. வொய்ஸ் அனுப்பலாம் என்று நாலு தரம் பேசிப் பார்த்தேன், நாலையும் அழித்துவிட்டேன். என் குரலைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை. நம்முடைய ஒழுங்கைக் கடைசி வீட்டு மக்டலின் மாமி திங்கட்கிழமை கோயில் ஆட்களோடு வேளாங்கண்ணிக்கு யாத்திரை போகிறார். வழியில் திருச்சியில் ஒரு நாள் தங்குகிறார்களாம். உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாமி பக்கத்தில் இருக்கும்போது இதை வாசிக்காதே, அவர் போன பிறகு வாசி.

மாமி நேற்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பிள்ளை இந்தியாவில் ஐந்தரை வருடம் மிருக வைத்தியம் படித்து, அங்கேயே பதிவும் எடுத்து, ஆறு வருடம் வேலையும் செய்துவிட்டுத்தானே வந்தது, பிறகேன் தம்பி சொந்த ஊரில் ஒரு மாட்டுக்கு ஊசி போட விடமாட்டாங்களாம் என்று. நான் விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அங்கே எடுத்த பதிவு இங்கே செல்லாது மாமி, இங்கே புதிதாகப் பதிய வேண்டும். பதிவதற்கு ஒரு சோதனை எழுத வேண்டும். சோதனை எழுத விடுவதென்றால், இவள் ஒழுங்கான டொக்டர்தான் என்று அங்கேயுள்ள மாநிலச் சபை நற்சான்று தர வேண்டும். அந்த நற்சான்றுக்கு மூன்று மாதம்தான் உயிர். சோதனையோ வருடத்தில் ஒரு தரம், அதுவும் எந்த மாதம் என்று வைக்கிறவர்களுக்கே தெரியாது. இரண்டு நற்சான்று மேசையில் கிடந்தே செத்துப்போயின. மூன்றாவது கேட்டால், அங்கேயுள்ள பதிவைப் புதுப்பித்தால்தான் தருவோம் என்கிறார்கள். புதுப்பிக்கப் போனால், இந்த இரண்டு வருடமும் என்ன வைத்தியம் செய்தாய், காட்டு என்கிறார்கள். இங்கேயுள்ள பதிவுக் கந்தோரோ, இந்த இரண்டு வருடமும் ஒரு வைத்தியமும் செய்யாமல் இருந்தாயா, காட்டு என்கிறது. அதனால்தான் வைத்தியம் செய்ததற்குப் பதிலாக, அந்தப் பதிவைப் புதுப்பிக்கத் தேவையான புள்ளியை வகுப்பில் இருந்து சேர்க்க அவள் திருச்சியில் போய்க் கிடக்கிறாள் என்றேன். மாமி கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவங்களுக்கு ஏதும் சுகமில்லையா தம்பி என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை சுலா. கந்தோர் என்ற சொல்லே அருவருப்பாக இருக்கிறது. நானும் புளியந்தீவில் ஒரு கந்தோர்க் கதிரையைப் பதினொரு வருடமாகத் தேய்க்கிறவன் என்பதால் அருவருப்பு இன்னும் கூட. போன கிழமை கதிரவெளியில் இருந்து விடிய பஸ் ஏறி ஒரு மனுசி வந்தார். விண்ணப்பத்தில் எல்லாம் சரி, இரண்டாவது பிரதி மட்டும் இல்லை. எனக்குப் பின்னால் கொப்பி அடிக்கிற மெசின் சும்மா நின்றது. நான் அவரை வெளியே அனுப்பினேன். அவர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது, ஒன்றரைக்கு வாங்கோ என்றேன். அவர் கோபிக்கவில்லை, நன்றி சேர் என்றுவிட்டுப் போய் மரத்தடியில் குந்தினார். அன்றைக்குக் கட்டிக்கொண்டு போன சோறு எனக்கு இறங்கவில்லை. இத்தனை வருடமும் எப்படி இறங்கியது என்று தெரியவில்லை.

வீட்டில் வேறு புதினம் இல்லை. கிணற்று மோட்டர் திரும்பவும் மக்கர் பண்ணுகிறது. கேற்றடியில் ஆட்கள் வந்து நிற்பது இன்னும் குறையவில்லை. புதன்கிழமை ஏறாவூரில் இருந்து நிஸ்மியா என்று ஒரு பிள்ளை, கூடைக்குள் பூனையைப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்கினாள். டொக்டர் இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றேன். எப்ப வருவாங்க என்று கேட்டாள். கெதியாக வந்துவிடுவார் என்றேன். சொல்லிவிட்டுக் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ முன்பு அங்கே வேலை செய்த மிருக ஆஸ்பத்திரியில் ஏப்ரல் கடைசியில் வந்து சேரச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று போனில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்தக் கதையை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

சரி, சுற்றி வளைத்தது போதும்.

மூன்று கிழமைக்கு முன் நீ பதிவுக் கந்தோருக்குப் போன் எடுத்தபோது, உன்னைப் பற்றி மகஜர் என்று ஒரு மனு வந்திருக்கிறது என்றார்கள் அல்லவா. பதிவில்லாமல் நீ மாடுகளுக்கு வைத்தியம் செய்ததாக அதில் எழுதியிருக்கிறது, திகதி, மருந்தின் பெயர், ஊசியின் அளவு வரை இருக்கிறது என்றார்கள். அன்று நீ எனக்குப் போன் எடுத்து அழுதாய். கூட நின்ற ஒருவன்தான் எழுதியிருக்க வேண்டும், யாரென்று பார்த்துச் சொல்லு, அவன் முகத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றாய். மருந்துப் பெயரெல்லாம் தெரிந்தவன் றம்ஸீன்தானே, அவனாக இருக்குமோ என்றும் கேட்டாய். வெள்ளத்துக்குள் தன் மருந்துக் கடையைத் திறந்து, லொறியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்த அந்த றம்ஸீனைத்தான் கேட்டாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா. இருக்கலாம் என்றேன்.

சுலா, அந்த மகஜரை எழுதியது நான்.

எழுதிவிட்டு இவ்வளவு நேரம் பேனையை வைத்துவிட்டு இருந்தேன். இப்போது எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்கிறேன், இடையில் நிறுத்தாமல் வாசி.

கார்த்திகை வெள்ளத்தை நீ மறந்திருக்கமாட்டாய். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் வயல் வட்டை எல்லாம் வாவியோடு ஒன்றாகி, நல்லரத்தினம் அண்ணரின் எருமைப் பட்டியில் தொண்டை வீங்கி மூச்சு முட்டி மாடுகள் விழத் தொடங்கின. அரசாங்க டொக்டர் நல்ல மனுசன், ஆனால் அவர் ஒருவர், றோட்டும் அறுந்துபோய்க் கிடந்தது. அண்ணர் எனக்குத்தான் முதலில் போன் எடுத்தார். நீ மாட்டேன் என்றாய். இன்னும் ஐந்து மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் பதிவு வந்துவிடும், இப்போது ஒரு ஊசி போட்டால் எல்லாம் போய்விடும் என்றாய். உன்னை விடாமல் நச்சரித்தவன் நான். டொக்டர் மனைவியை வீட்டில் வைத்துக்கொண்டு நாளைக்கு எந்த முகத்தோடு அந்த மனுசரைப் பார்ப்பது என்று கத்தினேன். நீ சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தோணி ஏறினாய். ஒன்பது நாள் அந்தச் சேற்றுக்குள் நின்றாய். அண்ணரின் நாற்பத்தொரு எருமையில் மூன்றுதான் போனது, சுற்றியிருந்த மற்றப் பட்டிகளையும் நீதான் பார்த்தாய். ஒரு சதம் வாங்கவில்லை. ஆனால் உன் பழக்கத்தை விடாமல், எந்த மாட்டுக்கு எந்த நேரம் என்ன கொடுத்தாய் என்று நீலக் கொப்பியில் எழுதி வைத்தாய்.

மாட்டுப் பொங்கலன்று பட்டியடியில் எல்லாரும் கூடியிருந்தோம். நீ கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தலையிடி என்று வீட்டுக்குப் போனாய். நீ போன பிறகு நல்லரத்தினம் அண்ணர்தான் கதையை எடுத்தார். நம்மட புள்ள நம்மட மாட்டக் காப்பாத்தினது அவங்களுக்குத் தெரியாது, அதான் பதிவ இழுக்கிறாங்க, நாமதானே சாட்சி, நாம சொல்லாட்டி மறுகா ஆர் சொல்ற என்றார். எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். என் நெஞ்சு அப்படியே பொங்கிவிட்டது. மகஜர் எழுத என்னை விட்டால் ஆள் யார். எத்தனை ஆயிரம் மகஜரை வாங்கி பைலில் கோத்தவன் நான்! எப்படி எழுதினால் ஒரு கந்தோர் அசையும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஆதாரம் இல்லாத மகஜரை ஒருவரும் மதிக்கமாட்டார்கள் என்று அவர்களுக்குப் பெரிய வகுப்பே எடுத்தேன்.

அந்த ஆதாரத்துக்குத்தான் உன் அலுமாரியைத் திறந்து நீலக் கொப்பியை எடுத்தேன். உன்னைக் கேட்கவில்லை. பதிவு கிடைக்கிற நாளில் சொல்லி உன்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்ற ஆசை. முழுவதையும் பார்த்துப் பின்னிணைப்பு என்று தலைப்புப் போட்டு ரைப் பண்ணினேன். மருந்துப் பெயர்களில் பிழை இருக்கக் கூடாதென்று றம்ஸீனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் வாசித்துவிட்டு, அன்ரோ, நன்றி சொல்றதெண்டா மேல் பக்கம் போதும், இந்தப் பட்டியல் எதுக்கு, கந்தோர் இதை வேற கண்ணால பார்க்கும் என்றான். எனக்குக் கோபம் வந்தது. கந்தோரைப் பற்றி நீ எனக்குச் சொல்லித் தருகிறாயா என்று கேட்டுவிட்டு வந்தேன். நான் உனக்குக் காட்டிக் கொடுத்தது அந்த மனுசனைத்தான்.

குறி வைக்கிற யோசனையும் அன்றைக்குத்தான் வந்தது. கையெழுத்து எவனும் வைக்கலாம், பட்டிக்குறிய வேற ஒருத்தன் வைக்கேலாது என்றார் அண்ணர். அறுபத்து மூன்று பேர் கையெழுத்தோ பெருவிரலோ வைத்து, பக்கத்தில் தங்கள் மாட்டில் சுடுகிற குறியையும் ஒவ்வொருவராகக் கீறினார்கள். ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் ஒரு குறி, அதோடு சொந்தக்காரரின் எழுத்து. பார்க்க அவ்வளவு வடிவாக இருந்தது. இந்தப் பக்கத்தைப் பார்க்கிற எந்த அதிகாரிக்கும் மனம் இளகும் என்று சொல்லிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தேன்.

பதில் இந்த மாதம் பதினேழாம் திகதி உன் பெயருக்கு வந்தது. நான் உடைத்தேன். நீ பதிவின்றித் தொழில் செய்ததற்கு அறுபத்து மூன்று சாட்சிகள் எழுத்தில் இருக்கிறார்கள், விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது, இருபத்தொரு நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் வழக்கும் தொடரப்படலாம் என்று எழுதியிருந்தார்கள். கீழே இன்னும் ஒரு வரி. மகஜரில் உள்ள குறிகள் மாட்டுக்குறிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டன என்று இருந்தது. உன் விண்ணப்பம் கிடைத்தது என்று சொல்ல இவர்களுக்கு ஏழு மாதம் எடுத்தது. அறுபத்து மூன்று மாட்டுக் குறியை இரண்டு மாதத்துக்குள் சரிபார்த்துவிட்டார்கள்!

உனக்குச் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு அந்தக் கந்தோருக்கு நேரே போனேன். கொடுமையான மனுசர் இருப்பார் என்று நினைத்துப் போனால், அங்கே இருந்தவர் மிகவும் மரியாதையாக இருக்கச் சொன்னார், தேத்தண்ணி எடுப்பித்துத் தந்தார். மகஜர் மேசையில் விரித்தபடி கிடந்தது. காப்பாற்றினார் என்று நான் எழுதிய இடமெல்லாம் சிவப்புக் கோடு. உங்கள் மனைவிக்கு எதிராக இவ்வளவு தெளிவான முறைப்பாடு எங்களுக்கு இதுவரை வந்ததில்லை என்றார். இது முறைப்பாடு இல்லை ஐயா, நன்றி என்றேன். எங்களிடம் நன்றிக்கு பைல் இல்லையே தம்பி என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி எனக்கு ஒரு உதவி செய்தார். மகஜரில் உள்ளது பொய், அந்த டொக்டர் எங்கள் மாடுகளைத் தொட்டதே இல்லை என்று அவர்கள் எல்லாரிடமும் சத்தியக் கடதாசி வாங்கி வந்தால் பைலை மூடிவிடலாம், உங்கள் மனைவி வந்து சோதனையை எழுதலாம் என்றார். அதை உண்மையாகவே உதவியாகத்தான் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு.

அதைவிட அருவருப்பு என்ன தெரியுமா, நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாளே ஒரு சமாதான நீதவானைப் பிடித்துக் கடதாசி எழுதுவித்தேன். வியாழக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு படுவான்கரைக்குப் போனேன்.

நல்லரத்தினம் அண்ணர் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டுச் சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். பேசியது அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளை அக்காதான். பட்டியில் பாதி அவருடைய தாய்வழிச் சீதனம், குறியும் அவருடைய குடிக்குறி. தயிர்ப் பானையைக் கட்டிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு வந்தார். தம்பி, கையெழுத்து எண்டா கை பிசகிட்டு எண்டு சொல்லலாம், குறிய எப்படி மனே பொய் எண்டு சொல்ற என்றார். இந்தக் குறி நான் வெச்சதில்ல எண்டு நானே சத்தியம் பண்ணிக் குடுத்தா, நாளைக்கு மாட்டக் களவெடுத்தவன் அந்தக் கடதாசியக் காட்டி மாடும் உனக்கில்ல எண்டு சொல்லுவான், அறுபத்து மூணு வீட்டிலயும் ஒருத்தரும் இதுக்கு ஏலாது என்றார். உன் பதிவுக்காக அவர்களுடைய பட்டியையே எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதுகூட எனக்கு விளங்கவில்லை.

போகிறதற்கு எழும்பியபோது அக்கா இன்னொன்றும் கேட்டார். அந்தப் புள்ள ஒன்பது நாள் என்ர வளவில சேத்துக்குள்ள கிடந்தது, அது வரவேயில்ல எண்டு சொல்லச் சொல்லித்தான் நீ வந்த எண்டு அதுக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். அவர் திரும்பித் தயிர்ப் பானையடிக்குப் போய்விட்டார். தோணியில் வரும்போது அந்தச் சத்தியக் கடதாசியைக் கிழித்து வாவியில் போட்டேன்.

நேற்று நான் அந்தக் கந்தோருக்கு என் பெயரில் ஒரு கடிதம் அனுப்பினேன். பிரதி இதோடு இருக்கிறது. மகஜரில் உள்ளதெல்லாம் உண்மை என்று எழுதியிருக்கிறேன். அதை எழுதியவன் நான், மனைவியின் கொப்பியை அவளுக்குத் தெரியாமல் எடுத்தவன் நான், மாட்டேன் என்றவளை வற்புறுத்தி அனுப்பியவனும் நான், அவள் எவரிடமும் எதுவும் வாங்கவில்லை, நடவடிக்கை எடுப்பதென்றால் என் மேல் எடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். நான் அரசாங்க உத்தியோகத்தன் என்பதால் என் கந்தோருக்கும் ஒரு பிரதி போகும், விசாரணை வரும், வரட்டும். இதனால் உனக்குப் பதிவு கிடைக்குமா என்று தெரியாது. கிடைக்காமல் போவதற்குத்தான் வாய்ப்புக் கூட என்று நினைக்கிறேன். றம்ஸீனிடம் இன்று காலை போய் நடந்ததைச் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமலே, டொக்டருக்குச் சொல்லிட்டியா என்று மட்டும் கேட்டான்.

நீ பார்க்க வேண்டும் என்று சொன்ன முகம் இதுதான் சுலா. காலையில் சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் நிற்கும்போதும் எனக்கு அதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கந்தோர்களைத் திட்டி நான் இதுவரை சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர்களில் எவரும் உன் அலுமாரியைத் திறக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரி வேலையை ஏற்காதே என்று கேட்க எனக்கு வாயில்லை. அங்கே உன் கையை ஒருவரும் கட்டமாட்டார்கள், நீ தொடுகிற மாட்டுக்கு ஒருவரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். நல்ல வேலை, யோசித்துச் செய். விளக்கம் கொடுக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, நீ என்ன எழுதச் சொல்கிறாயோ அதை எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், என்னைப் பற்றி எப்படி எழுதச் சொன்னாலும் எழுதுகிறேன்.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். நீ எங்கே இருந்தாலும் உன் தொழிலை ஒருவரும் உன்னிடம் இருந்து பறிக்காமல் இருக்கட்டும்.

மாமி வெள்ளிக்கிழமை அந்த வழியாகத்தான் திரும்பி வருகிறார். அவரிடம் எனக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு. திட்டி எழுது, காறித் துப்பி எழுது, எதுவானாலும் வாசிப்பேன். இனி வரமாட்டேன் என்றுதான் எழுத இருக்கிறது என்றால், அதை மட்டும் எழுதாதே. நீ ஒன்றும் கொடுத்துவிடாவிட்டால், கொடுத்ததை மாமி வழியில் எங்கேயோ தொலைத்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

உன்னுடைய,
அன்ரோ.